பழங்கோடரிகளும் அவற்றைச் செப்பனிடும் நெறியும்

பழம்பொருள் தேடுவார் பல வகையினர். ஓலைச்சுவடி தேடுவாரும், கல்வெட்டுத் தேடுவாரும், பழங்காசு தேடுவாரும் நம்மிடையே நெடுநாளாக உளர். கோடரி தேடுவாரை அவரோடு ஒருங்கு வைத்து எண்ணும் வழக்கம் நம் நாட்டில் இல்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ அத்தகையோர் தொகை சிறிதன்று. பண்ணைக் கொட்டகைகளிலும் ஏலங்களிலும் பழம்பொருட் சந்தைகளிலும் காம்பிழந்து துருவேறிக் கிடக்கும் கோடரித் தலைகளை அவர்கள் தேடிக் கொணர்கின்றனர். துருவை நீக்கி, வாயைத் தீட்டி, புதுக்காம்பு செறித்து, மீண்டும் கருவியாக்குகின்றனர். அவற்றைச் செய்தோர் யாவர், செய்த காலம் யாது, செய்த முறை எத்தகையது என ஆராய்ந்து நூலும் எழுதியுள்ளனர். ஹென்றி காஃப்மன் என்பார் 1972இல் வெளியிட்ட 'அமெரிக்கக் கோடரிகள்' என்னும் நூல் அவற்றுள் ஒன்று.

இப்பொருளைத் தமிழாராய்ச்சி இதழொன்றில் எடுத்துக்கொண்டது என்னை எனின், கூறுதும். பழங்கோடரியைச் செப்பனிடுவோன் முன் நிற்கும் வினாவும் பழஞ்சுவடியைப் பதிப்பிப்போன் முன் நிற்கும் வினாவும் ஒன்றே. காலத்தால் வந்து படிந்த மாசு எது, பொருளுக்கே உரிய இயல்பு எது என்று பிரித்தறிதலே அவ்வினா. ஆயின் பதிப்பாசிரியர்க்கு ஒரு நற்பேறு உண்டு. 1894இல் புறநானூற்றை வெளியிட்ட உ. வே. சாமிநாதையர் ஏடு பல ஒப்புநோக்கிப் பாடங் கொண்டார். இங்ஙனம் பதிப்பிக்கும்போது கொள்ளாது விடுத்த பாடமும் அடிக்குறிப்பிலோ மூல ஏட்டிலோ எஞ்சி நிற்கும். பின்வருவோர் அதனைக் கண்டு முன்னோர் முடிபை மாற்றவும் கூடும். இரும்பின்மேல் அரத்தை வைத்தவனுக்கு அந்நற்பேறு இல்லை. அரம் உண்டது உண்டதே. ஆகவே, பிழை செய்தால் மீட்சியில்லாத இத்தொழிலிற் கைவந்தோர் எவ்வாறு முடிவு செய்கின்றனர் என அறிதல் நமக்கும் பயன்தரும்.

கோடரியைக் குறிக்கும் சொற்கள் தமிழிற் பல. மழு, நவியம், கணிச்சி என்பன பழைய வழக்கு. பரசு, குடாரம் என்பன வடமொழி வழி வந்தன. கோடரி என்பதனைக் கோடு, அரி எனப் பிரித்து, மரக்கிளையை அரிவது எனப் பொருள் கூறுவார் உளர். கன்னடத்திற் கொடலி எனவும் தெலுங்கிற் கொட்டலி எனவும் இச்சொல் வழங்குதலை நோக்க, அப்பிரிப்பு ஐயத்திற்கு இடமாகவே தோன்றுகிறது. அதனை ஈண்டு விரித்தல் வேண்டா. எமக்கு வேண்டுவது புறநானூற்று 36ஆம் பாட்டு. கருவூரை முற்றியிருந்த கிள்ளிவளவனை நோக்கி ஆலத்தூர் கிழார் பாடிய அப்பாட்டில், காவன்மரங்களை வெட்டி வீழ்த்தும் நவியம் ஒன்று வருகிறது. அதனைக் கூறுமிடத்துப் புலவர், அதனைச் செய்த கொல்லனையும், அவன் அரத்தால் அராவிக் கூராக்கியதனையும், காம்பின் நெடுமையையும் சேர்த்தே கூறுகிறார். கூர்ப்பகுதி வாய் எனவும் காம்பு கை எனவும் அங்குச் சொல்லப்படுகின்றன. செய்தோன், வாய், காம்பு என்னும் மூன்றும் கூடியதே கோடரி என்பது அச்சிறு விளக்கத்திலேயே அமைந்து கிடக்கிறது. இனி நாம் காணும் சிக்கல்களும் பெரும்பாலும் இம்மூன்றனையும் பற்றியனவே.

ஏனை உறுப்புகளுக்கும் பெயர் வேண்டும். காம்பு நுழையும் துளையை ஆங்கிலேயர் கண் என்பர். யாமும் அங்ஙனமே வழங்குவோம். வாய்க்கு எதிர்ப்புறத்துத் தடித்த பகுதியைப் பிடரி என்றும், கண்ணுக்கும் வாய்க்கும் இடைப்பட்ட பக்கத்தைக் கன்னம் என்றும் கூறுவோம்.

அமெரிக்கக் கோடரியின் சிறப்பு அதன் பிடரியில் உள்ளது. ஐரோப்பியர் அந்நாட்டிற்கு முதலிற் கொண்டுசென்ற கோடரிகளிற் பிடரி என்று சொல்லத்தக்கது ஒன்று இல்லை. கண்ணைச் சுற்றி வளைந்த இரும்பின் கனமே அங்கு இருந்தது. எடை முழுதும் வாய்ப்புறம் சாய்ந்திருந்தமையால் ஓங்கி வெட்டும்போது தலை ஆடும். 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கொல்லர் பிடரியைத் தடிப்பித்து இருபுறத்து எடையையும் நிகர் செய்தனர். தலை முழுவதையும் எஃகாற் செய்தல் அக்காலத்து வழக்கமன்று. எஃகு விலைமிக்க பொருள். எனவே தேனிரும்புப் பட்டையை மடித்துக் கண்ணை அமைத்து, வாய்ப்புறத்தில் மட்டும் எஃகுத் துண்டொன்றை வைத்து, உலையிற் காய்ச்சி அடித்து இணைத்தனர். எஃகை இரும்பின் இடையே செருகினாரும் உளர். இரும்பின்மேற் போர்த்தினாரும் உளர். வாய் தேய்ந்தொழிந்தால் பழைய தலையிலேயே புதிய எஃகை இணைப்பித்துக்கொள்வர். இவ்விணைப்பின் தடம், அறிந்து நோக்குவார்க்குக் கன்னத்தில் இன்றும் புலப்படும்.

1826இல் சாமுவேல் காலின்ஸ், டேவிட் காலின்ஸ் என்னும் உடன்பிறந்தாரும் அவர் உறவினராகிய வில்லியம் வெல்ஸும் கனெக்டிகட் மாநிலத்தில் ஃபார்மிங்டன் ஆற்றங்கரையிற் கோடரித் தொழிற்சாலை ஒன்றை நிறுவினர். அதற்குமுன் கொல்லனிடம் கோடரி வாங்கியவன் அதன் வாயைத் தானே சாணையிட்டுக்கொள்ளல் வேண்டும். வாங்கிய அன்றே மரம் வெட்டத்தகும் நிலையில், தீட்டி முடித்த கோடரியை இத்தொழிற்சாலை விற்றது. ஊரும் காலின்ஸ்வில் எனப் பெயர்பெற்றது. 1832இல் அங்கு வேலைக்குச் சேர்ந்த எலிஷா ரூட் என்பார், கையால் அடித்துச் செய்துவந்த வேலைகள் பலவற்றை எந்திரத்தின்பாற் படுத்தினார். தீட்டி விற்றதற்கு ஒரு விலையும் கொடுக்கப்பட்டது. சாணைக்கல்லின் தூசியை நாள்தோறும் உள்வாங்கிய தொழிலாளர் நுரையீரல் நோயுற்று மாண்டனர். பழைய கோடரியொன்றின் வாயைக் கண்டு வியக்குமிடத்து இதனையும் நினைத்தல் தகும்.

முத்திரையைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறல் வேண்டும். தொகுப்போர் முதலில் நோக்குவது கன்னத்திற் பொறித்த பெயரையே. அப்பெயரோ, நூல்களின் ஆசிரியர் பெயரைப் போலவே, எளிதில் நம்பத்தக்கதன்று. காலின்ஸ் கோடரிகளில் ஹார்ட்ஃபோர்ட் என்னும் ஊர்ப்பெயர் காணப்படும். ஆயின் தொழிற்சாலை இருந்தது அந்நகரிலன்று. ஏறத்தாழ 15 மைல் மேற்கே. அறியப்பட்ட நகரின் பெயர் வாணிகத்திற்கு உதவியது போலும். இக்கோடரிகளின் புகழ் பரவப் பரவ, இங்கிலாந்து நாட்டுக் கருவி செய்வோர் சிலர் தாம் செய்தவற்றிற் காலின்ஸ் பெயரைப் பொறித்து விற்கலாயினர். நிறுவனம் அந்நாட்டு நீதிமன்றத்தையே அடைந்து வழக்குத் தொடுத்தது. அயல்நாட்டு நிறுவனமாயினும் தன் முத்திரையைப் பிறர் பொய்யாக இடுவதைத் தடுக்க உரிமையுடையது என 1857இல் தீர்ப்பாயிற்று. வணிகக் குறிச் சட்டம் பயில்வோர் இவ்வழக்கை நன்கறிவர். முடியினின்று எழும் கையொன்று சம்மட்டி ஏந்திய உருவமும், 'உரியது, மெய்யானது' எனப் பொருள்படும் 'லெஜிட்டிமஸ்' என்னும் இலத்தீன் சொல்லும் அந்நிறுவனத்தின் முத்திரையாக வழங்கின. மெய் என்று தானே சொல்லிக்கொள்ள வேண்டிய அளவிற்குப் போலி மலிந்திருந்தது என்பதற்கு அம்முத்திரையே சான்று. பிற்காலத்தார் தம் பாடல்களைப் பழம்புலவர் பெயரில் ஏற்றிவைத்த வரலாற்றை அறிந்த நமக்கு இது புதிதன்று.

பெயர் மட்டுமன்று, பொருட்சொல்லும் மயக்கும். 'வார்ப்பெஃகு' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடர் பழங்கோடரிகள் பலவற்றிற் பொறிக்கப்பட்டுள்ளது. அதனைக் கண்டு தலை முழுதும் அச்சில் வார்க்கப்பட்டது எனக் கொள்வார் உளர். அது பிழை. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் கண்ட முறைப்படி, மூசையில் உருக்கி எடுத்த எஃகையே அத்தொடர் குறிக்கும். வாயில் இணைத்த எஃகின் தரத்தைச் சொல்லுவதேயன்றித் தலை செய்த முறையைச் சொல்லுவதன்று. எஃகை 'உருக்கு' என்று வழங்கும் தமிழர்க்கு இம்மயக்கம் நேர்தற்கு இடமில்லை. உருக்கப்பட்டமையால் அது பெற்ற பெயர் அஃது என்பது நமக்கு வெளிப்படை.

இம்முத்திரைகள் யாவும் முதலாளியின் பெயரைக் கூறுவனவேயன்றி அடித்த கைக்கு உரியவன் பெயரைக் கூறுவனவல்ல. சுவீடன் நாட்டில் 1902இல் தொடங்கிய கிரான்ஸ்ஃபோர்ஸ் பட்டறை இதற்கு விலக்கு. அங்கு அடித்த கொல்லனின் பெயர் முதலெழுத்துகள் தலையிற் பொறிக்கப்படுகின்றன. புறநானூற்று நவியத்தைச் செய்த கொல்லனும் பெயரின்றியே போயினன்.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எந்திர வாள் பரவியதும் கோடரி வீழ்ந்தது. காலின்ஸ் தொழிற்சாலை 1966இல் மூடப்பட்டது. வேறு பல நிறுவனங்கள் ஒன்றனுள் ஒன்று கலந்து மறைந்தன. ஆயினும் கோடரி முற்றும் ஒழிந்திலது. அமெரிக்க நாட்டு 1964ஆம் ஆண்டின் வனப்பாதுகாப்புச் சட்டம், இயற்கை நிலையில் ஒதுக்கப்பட்ட காடுகளில் எந்திரக் கருவிகளை விலக்கிற்று. அக்காடுகளில் வழி திருத்துவோர் இன்றும் கைவாளும் கோடரியுமே கொண்டு தொழில் செய்கின்றனர். அந்நாட்டு வனத்துறைக்காகப் பெர்னி வைஸ்கெர்பர் எழுதி 1999இல் வெளிவந்த கைந்நூல், பழந்தலைகளைத் தேர்ந்து காம்பிட்டுத் தீட்டும் முறையைப் படிப்படியாக விளக்குகிறது. ஆகவே பழங்கோடரி தேடுவாருள் இருதிறத்தார் உளர். ஒருவர்க்கு அது கருவி. மற்றவர்க்கு அது சான்று. எதனை நீக்கலாம் என்பதில் இவ்விருவர் விடையும் ஒன்றாகாது. சிக்கல் இங்குத்தான் தொடங்குகிறது.

துருவை முதலில் நோக்குவோம். துரு எல்லாம் ஒன்றன்று. செந்நிறத்ததாய், தொட்டால் உதிர்வதாய் இருப்பது இரும்பை மேன்மேலும் அரிக்கும். அதனை நீக்குதலில் எவர்க்கும் ஐயமில்லை. ஆயின் அதன் அடியிற் கருமையாய், இறுகி, வழவழத்துக் கிடக்கும் படலம் நெடுங்காலக் கைபடுதலாலும் காற்றாலும் உண்டாயது; இரும்பிற்கு ஓரளவு காப்புமாவது. எந்திரச் சக்கரத்தில் வைத்து இவ்விரண்டனையும் ஒருங்கே தேய்த்துக் கண்ணாடிபோல் மெருகேற்றுவோர் பலர். மெருகோடு முத்திரையின் விளிம்பும் மழுங்கும்; கொல்லன் சம்மட்டி பட்ட தழும்பும் மறையும். கெல்லி என்னும் நிறுவனத்தார் கன்னத்தில் அண்டங்காக்கை வடிவைப் பொறித்து விற்ற கோடரி ஒன்றுண்டு; தொகுப்போர் அதனைப் பெரிதும் விரும்புவர். அவ்வடிவு மிக ஆழமின்றிப் பொறிக்கப்பட்டது. சில நிமிடத் தேய்ப்பில் அக்காக்கை பறந்துவிடும்!

காடி எனப்படும் வினிகரில் ஓரிரவு ஊறவைத்தல் மற்றொரு முறை. அமிலம் துருவைக் கரைக்கும். ஆயின் கரும்படலத்தையும் விட்டுவைக்காது. இம்முறையை யாம் முற்றும் விலக்கத் துணியோம். ஏனெனின் காடியில் ஊறிய தலையில் எஃகும் தேனிரும்பும் வேறுவேறு நிறங் கொள்ளும். எஃகு கறுக்கும், இரும்பு வெளிறும். அதுவரை காணாதிருந்த இணைப்புக் கோடு தெளிவாகத் தோன்றும். செருகியதா, போர்த்தியதா என்பதும் விளங்கும். காலத்தின் சான்றை அழித்தே செய்முறையின் சான்றைப் பெறுகிறோம். இரண்டனுள் எது வேண்டும் என்பதனைக் காடியில் இடுமுன் முடிவு செய்தல் வேண்டும். இட்டபின் முடிவு செய்தற்கு ஒன்றுமில்லை.

இனி வாய். கோடரியின் வாயைக் கடினமாக்குதற்கு எஃகைக் காய்ச்சித் திடீரெனக் குளிர்வித்துப் பின் மெல்லச் சூடேற்றித் தோய்ச்சல் இடுவர். இங்ஙனம் கடினப்பட்ட பகுதி வாயினின்று சிறிது தொலைவே உட்செல்லும். பன்முறை தீட்டப்பட்டுக் குறுகிய கோடரியில் அப்பகுதி முற்றும் தேய்ந்திருத்தலும் உண்டு; அதனை எத்துணைத் தீட்டினும் கூர் நில்லாது. எந்திரச் சாணையாற் கேடு விரைவில் வரும். உராய்வால் எஃகு சூடேறி, ஏறத்தாழ 220 பாகை செல்சியசில் இளமஞ்சள் நிறமும் 300 பாகை அளவில் நீல நிறமும் கொள்ளும். நீலம் தோன்றிற்றேல் அவ்விடத்துத் தோய்ச்சல் கெட்டது. அந்நீலத்தை மட்டும் தேய்த்துப் போக்கி, கேடில்லாதது போலக் காட்டி விற்பாரும் உளர். இதனாற்றான் வைஸ்கெர்பர் முதலானோர் கையரத்தை விரும்புகின்றனர். அரம் மெதுவானது, மெதுவானதாகையால் நிறுத்திச் சிந்திக்க இடந்தருவது.

வாயின் வடிவமே சான்றாகும் இடங்களும் உள. இருவாய்க் கோடரியை எடுத்துக்கொள்வோம். ஒருவாயை மெல்லியதாகத் தீட்டி மரம் வீழ்த்தவும், மற்றதனைச் சற்றுத் தடிப்பாக வைத்துக் கணுவும் வேரும் வெட்டவும் காட்டுத் தொழிலாளர் பயன்படுத்தினர். இரண்டும் ஒத்தில்லாமை கண்டு குறையென எண்ணி இருவாயையும் ஒரே அளவினதாக அராவுவோன், கோடரியைத் திருத்துகின்றானல்லன். அதன் தொழிலை அழிக்கின்றான். மரத்தைச் சதுரமாகச் செதுக்கும் அகன்ற கோடரியில் இது இன்னும் தெளிவு. அதன் ஒரு முகம் தட்டையாகவும் மறுமுகம் மட்டும் சரிவாகவும் இருக்கும். மரத்தை ஒட்டிச் செதுக்குதற்கு அத்தட்டை முகமே உதவுவது. விரல் மரத்தில் உராயாதிருத்தற்காகக் காம்பும் ஒருபுறம் வளைந்திருக்கும். இதனை அறியாதார் தட்டை முகத்தையும் சரிவாக்கி, நேர்க்காம்பும் இட்டுவிடுவர். பார்வைக்கு ஒழுங்கான கோடரி ஆகும், செதுக்குதற்கு உதவாது. ஓசை நிரம்பவில்லை எனக் கருதிப் பழம்பாட்டில் ஓர் அசையைச் சேர்த்த பதிப்பாளர் சிலரை இவ்விடத்து நினைவுகூராமல் இருக்க இயலவில்லை.

வாயின் ஒரு மூலை மட்டும் தேய்ந்திருத்தலும், பிடரி சம்மட்டி போல் அடிபட்டுக் காளான்போல் விரிந்திருத்தலும் அடிக்கடி காணப்படும். முன்னது பயன்படுத்தினோன் பழக்கத்தைக் காட்டுவது. பின்னது இரும்பாப்பை அடித்தற்குக் கோடரியைப் பயன்கொண்ட முறைகேட்டைக் காட்டுவது. விரிந்த பிடரியின் பிசிறு தெறித்துக் கண்ணைக் குத்தும் ஆதலின், தொழிலுக்கு எடுப்பவன் அதனை அராவியே ஆகவேண்டும். காட்சிக்கு வைப்பவனுக்கு அவ்வேலை இல்லை.

காம்பைப் பற்றித் தமிழில் நற்பெயர் இல்லை. தன் இனத்தையே வெட்டத் துணைநிற்பது என்று கருதி, குலத்தைக் கெடுப்பவனைக் கோடரிக்காம்பு என்பது நம் வழக்கு. ஆனால் இத்தொழிலில் முதலில் மடிவது காம்பே. அமெரிக்கர் ஹிக்கரி மரத்தையும் ஐரோப்பியர் ஆஷ் மரத்தையும் காம்பிற்குச் சிறந்தனவாகக் கொள்வர். மரம் வீழ்த்தும் கோடரியின் தலை மூன்றரை இராத்தல் அளவினதாயின் காம்பு 30 முதல் 36 அங்குல நீளம் இருக்கும். நார் காம்பின் நெடுகிலும் ஓடல் வேண்டும். இடையிற் பக்கவாட்டிற் சரிந்து வெளிப்படின் அவ்விடத்திற் பிளக்கும். கண்ணில் நுழைத்தபின் காம்பின் தலைப்பிளவில் மர ஆப்பு அடித்து இறுக்குவர். தலை ஆடினால் நீரில் ஊறவைப்பது பலர் செய்வது. அது தீர்வன்று. நீரிற் பருத்த மரநார் இரும்பின் இறுக்கத்தில் நசுங்கும். உலர்ந்தபின் முன்னையினும் மிகுதியாகத் தளரும்.

தலை மூன்றுமுறையும் காம்பு ஏழுமுறையும் மாற்றப்பட்ட பாட்டன் கோடரி பாட்டன் கோடரியேயோ என்னும் நகைவினா ஆங்கிலம் பேசும் நாடுகளில் வழங்குகிறது. தத்துவம் பயில்வோர் இதனைப் பெரிதும் விவாதிப்பர். செப்பனிடுவோர்க்கு இதில் மயக்கம் குறைவு. காம்பு மாறுதற்கென்றே அமைந்தது. ஓலை சிதையச் சிதையப் புதிய ஓலையில் எழுதிக்கொண்டது போல. ஆயினும் பழங்காம்பு உடையாது எஞ்சியிருப்பின் அதனைக் கழற்றுதலை யாம் உடன்படோம். பண்ணையாளர் தாமே செதுக்கிய காம்பாயின், அத்தகையது மீண்டும் கிடைப்பது அரிது.

உடைந்த காம்பின் கட்டை கண்ணுள் நிற்குமாயின் அதனையும் பொருளாகக் கருதல் வேண்டும். எவ்வகை மரம், ஆப்பு மரத்தினதா இரும்பினதா என்பன அக்கட்டையால் அறியப்படும். பலர் அதனைத் துளைத்துப் பொடியாக்கி எறிகின்றனர். தீயில் இட்டு எரித்துப் போக்குதல் அதனினும் தீது. கட்டையோடு வாயின் தோய்ச்சலும் போம். துளையிட்டுத் தளர்த்தி, வாய்ப்புறத்தைத் தாக்காது மெல்ல அடித்து வெளிக்கொணர்தலே செய்யத்தக்கது.

புதுக்காம்பிற்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் பூசுவர். எண்ணெய் துடைத்த கந்தையைச் சுருட்டி மூலையில் எறிதல் கூடாது. அவ்வெண்ணெய் காற்றோடு கலந்து உலரும்போது வெப்பம் பிறக்கும். குவிந்த கந்தை தானே தீப்பற்றும். அதனை விரித்து வெளியில் உலர்த்தல் வேண்டும்.

கருவியென்பார்க்கும் சான்றென்பார்க்கும் இடையே எம் முடிபு யாது எனின், எண்ணிறந்து கிடைக்கும் பொதுவகைத் தலைகளைத் தொழிலுக்குக் கொள்வதில் இழுக்கில்லை. எஃகு இணைத்த பழந்தலை, முத்திரை தெளிவாயுள்ள தலை, பழங்காம்போடு கூடியது என்பவற்றில் உதிர்துருவை மட்டும் நீக்கி எண்ணெய் தடவி நிறுத்தல் வேண்டும். எவ்வகையாயினும், கைவைக்குமுன் இருபுறமும் பிடரியும் கண்ணும் தோன்றப் படம் எடுத்து, எடையும் அளவும் கிடைத்த இடமும் குறித்துக்கொள்ளல் வேண்டும். புதுக்காம்பு இடுவோன், கண்ணுள் மறையும் பகுதியில் தன் பெயரெழுத்தையும் ஆண்டையும் எழுதி வைத்தல் வேண்டும் என்பதும் எம் துணிபு. வெளியே அது தோன்றாது. அக்காம்பு உடைந்து மற்றொருவன் அதனைக் கழற்றும் நாளில், எது பழையது எது புதியது என்பதனை அவன் ஐயமின்றி அறிவான்.